கிளட்ச் மிதிக்காமல்

...நியூட்ரல்தான் என்று அவர் சொல்லிவிட்டார், சொன்னால் நம்ப வேண்டியதுதானே, நம்பாமல் வெளியே ஊர்ந்து வந்து, கதவைத் திறந்து, கியர்த் தண்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தால் மனுஷன் என்ன நினைப்பார், ஆறு போர்வெல் ரிக் லாரிக்குச் சொந்தக்காரர், கிளீனராக ஏறி ஓனராக இறங்கியவர், அவருக்கே நியூட்ரல் எதுவென்று சொல்லிக்கொடுக்க வந்துவிட்டாளா இவள் என்று சிரிக்க மாட்டாரா, சிரித்தால்கூடப் பரவாயில்லை, அதைப் பத்துப் பேரிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பாரே... சத்யபிரியா அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். மூக்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு பக்கமும் மரக்கட்டை அடுக்கியிருந்தது, அடுக்கியது அவளேதான், அடுக்கியதும் காலால் எட்டி உதைத்து அசைகிறதா என்று பார்த்தவளும் அவளேதான், அப்படியிருந்தும் கட்டை லேசாக முனகியது போல இருக்கிறதே, முனகியதா, இல்லை அது தன் வயிற்றுச் சத்தமா, காலையில் திருச்செங்கோட்டில் பஸ் ஏறும்போது ஒரு டீ குடித்ததோடு சரி. பின்சக்கரங்கள் இரண்டும் தரையில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் கல் வைத்திருந்தாள், கார் நிற்கும் அவர் வீட்டுப் போர்ட்டிகோ தெருப்பக்கம் சரிவாக இருந்ததால் பின்னால் உருளாமல் இருக்கட்டும் என்று. முன்னால் வைக்கவில்லை. மேட்டுப் பக்கம் எந்த வண்டி தானாக ஏறப்போகிறது? ஆனால் இந்த வண்டிக்கு ஓட்டம் பின்சக்கரத்தில், அது இப்போது எதற்கு ஞாபகம் வர வேண்டும்?

"போடட்டுமா சத்யா?" மேலே சீட்டில் இருந்து சபரிநாதன் குரல் கொடுத்தார். போடுங்ண்ணா என்றாள். இன்ஜினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டார் கர்ர்ரென்று ஒழுங்காகச் சுற்றியது. போதுமுங்ண்ணா, நிறுத்துங்க என்றாள். இதோடு இருபத்திரண்டு தடவை ஆயிற்று. பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருந்ததால் இன்ஜின் பிடிக்காது, செல்ஃப் மட்டும் சுற்றும், இருபத்திரண்டு தடவையும் குறையே இல்லாமல் சுற்றிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்திருக்கும்போது பெண் நடந்துகொள்கிற மாதிரி அத்தனை பதவிசாக. நேற்று இதே வண்டி எட்டுத் தடவை சாவி திருகியும் 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுகொண்டதாம். வந்து வந்து போகிற நோய்தான் நோயிலேயே கெட்ட நோய். அடியோடு செத்துப்போன செல்ஃபை அவள் கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்வாள், பதினோரு வருஷமாக ரிக் லாரியின் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் கோர்த்த கை, ஒவ்வொன்றும் ஒரு மூட்டை சிமெண்ட்டைத் தூக்குகிற மாதிரி கனக்கும், அதற்கெல்லாம் பயந்ததில்லை, ஆனால் இந்தத் தம்மாத்துண்டு முப்பது வருஷத்து ஜப்பான் வண்டி, இரண்டு பேர் உட்காரத்தான் இடம், சபரிநாதன் அதில் ஏறுவதே பாயைச் சுருட்டிச் சந்துக்குள் செருகுவது போல இருக்கும், இது அவளை ஐந்து வாரமாகத் தண்ணி காட்டுகிறது. மூன்றாம் தடவையாகக் கை வைக்கிறாள். இரண்டாம் தடவை மோட்டாரைக் கழற்றி உள்ளே தேய்ந்த கார்பன் துண்டை மாற்றினாள், ஒரு வாரம் ஓடிற்று. முதல் தடவை...

முதல் தடவை டைரக்ட் கொடுத்தாள். அதை நினைக்கும்போதே கையில் இருந்த வோல்ட் மீட்டரின் சிவப்பு முள் நழுவியது. என்ன பெரிய குற்றம் செய்துவிட்டாள், ஊரில் எல்லோரும் செய்வதுதானே, நம் பக்கத்தில் எந்தச் சுவிட்ச் மக்கர் பண்ணினாலும் மருந்து ஒன்றுதான், சுவிட்சை விட்டுத்தள்ளு, இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்று, டைரக்ட் கொடுத்தாயிற்று, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு. ஹாரனுக்கு டைரக்ட், ஃபேனுக்கு டைரக்ட். இந்த வண்டியில் கிளட்ச் பெடலுக்குமேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச், கிளட்ச்சை முழுசாக மிதித்தால்தான் அது செல்ஃபுக்குக் கரண்டை விடும், மிதிக்காவிட்டால் சாவியை எத்தனை திருகினாலும் பச்சைப்பிள்ளை மாதிரி கம்மென்று கிடக்கும். அந்தச் சுவிட்ச்தான் கோளாறு என்று நினைத்தாள், நினைத்தாளா, இல்லை அதுவாக இருந்தால் சுலபம் என்று ஆசைப்பட்டாளா? மத்தியானம் மூன்று மணி, திருச்செங்கோட்டில் அவள் கடை வாசலில் ஒரு லாரி காத்துக்கொண்டிருந்தது, சபரிநாதன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூன்றே நிமிஷத்தில் முறுக்கி டேப் சுற்றிவிட்டாள். உடனே ஸ்டார்ட் ஆயிற்று. அவரும் "அட, கெட்டிக்காரி" என்றார். அந்தக் கெட்டிக்காரி என்ற ஒரு சொல்லுக்கு அவள் எவ்வளவு மயங்கினாள் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த டைரக்ட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நோய் சுவிட்சில் இல்லை என்று தெரிந்த பிறகும் அதை எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை, மறந்தா போனாள்? மறக்கவில்லை. எடுத்தால் எதற்குப் போட்டாய் என்று கேட்பார்கள்.

மேலே சபரிநாதனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பேச ஆரம்பித்துவிட்டார். வண்டியின் தகரம் வழியாக அவர் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது. "ஒண்ணு சொல்லோணும் அம்மிணி, செல்ஃப் படுத்துதோ இல்லியோ, நீ டைரக்ட் குடுத்ததுல ஒரு சவுரியம். முன்னெல்லாம் உள்ளாற நுழஞ்சு, காலை நீட்டி, கிளட்ச்ச அமுக்கினாத்தான் அடிக்கும். இப்ப வெளிய நின்னபடிக்கே கண்ணாடிக்குள்ள கைய உட்டுத் திருகிக்கறேன், லாரியாட்டம்." சத்யபிரியாவின் தோள்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. வேண்டாம், இதற்கு மேல் சொல்ல வேண்டாம், அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்கு ஏனோ தெரிந்துவிட்டது, லாரிக்காரர்கள் வண்டியை எப்படி நிறுத்துவார்கள் என்று தெரிந்தவளுக்கு இது தெரியாதா, ஹேண்ட் பிரேக்கை அவர்கள் சம்பந்தி வீட்டு வாக்குறுதி மாதிரிதான் வைத்திருப்பார்கள், நம்புவதே இல்லை, நிறுத்தியதும் பர்ஸ்ட் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள், பிறகு சாவி திருகும் முன்னால் கையால் தட்டி நியூட்ரல் பார்த்துக்கொள்வார்கள், அது கைப்பழக்கம், ஆனால் வெளியே நின்று ஜன்னல் வழியாகத் திருகுகிறவனுக்குக் கை அவ்வளவு தூரம் எட்டுமா... "போன ஞாயித்துக்கெழம அப்பிடித்தான் திருகினேன் பாத்துக்கோ. பர்ஸ்ட் கியர்ல கெடக்குது, நானு மறந்தே போயிட்டேன். குபுக்குனு ஒரே குதி! அந்தப் படியில வெச்சிருந்த பூந்தொட்டி மூணும் தூளாப் போச்சு. நல்லவேளை, பாப்பாவ அவிய அம்மா பால் குடிக்க உள்ளாற கூப்பிட்டுக்கிட்டா. ரெண்டு நிமிசம் முன்னாடி அந்தப் படியிலதான் உக்காந்திருந்துச்சு. என்ற புத்தியச் சொல்லோணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவருடைய புத்தி இல்லை. இரண்டு நிமிஷம். பால் ஆறாமல் இருந்திருந்தால்? பாப்பாவின் அம்மா மைதிலியக்கா போனில் யாருடனாவது பேசிக்கொண்டு நின்றிருந்தால்? பாப்பா பால் வேண்டாம் என்று அழுது அடம்பிடித்திருந்தால், நாலு வயசுப் பிள்ளை எந்த நாள் ஒரே கூப்பாட்டுக்கு எழுந்து போயிருக்கிறது? அவளுக்குப் பயமாக இருந்தது, சுற்றி வளைக்காமல் சொன்னால் பயம்தான். வண்டிக்கு அடியில் இருந்து பார்த்தால் முன்பக்கம் அந்தப் படிக்கட்டு தெரிந்தது, தொட்டி இருந்த இடத்தில் மூன்று வட்டமாக மண்கறை, கீழ்ப்படியின் முனையில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது, வந்தபோது அதைப் பார்த்தாள், யாரோ சாமான் இறக்கும்போது இடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது அந்தப் படியில் இரண்டு சின்னப் பாதங்கள் வந்து நின்றன. பிறகு ஒரு தலை தலைகீழாகக் குனிந்து, முடியெல்லாம் தரையில் புரள, அடியில் பார்த்தது. "சத்யா அத்தே, நீ ஏன் இங்க தூங்கற?" நிலா. தூங்கலீங்க சாமி, நீங்க அக்கட்ட போய் விளையாடுங்க, உள்ளாற போங்க சாமி என்றாள், குழந்தை அதைக் காதில் வாங்காமல் "என் தொட்டி ஒடஞ்சு போச்சே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஓடிற்று. எந்தப் பக்கம் ஓடிற்று? உள்ளேயா, பின்பக்கமா? பாதம் தெரியவில்லை, எங்கே போனது அது...

சொல்லிவிடலாமா? அண்ணா, அந்தக் குதி நான் போட்டது என்று இப்படியே படுத்தபடி சொல்லிவிட்டால் முகத்தையாவது பார்க்க வேண்டியதில்லை. சொன்னால் என்ன ஆகும்? திருச்செங்கோட்டில் ரிக் ஓனர்கள் தினமும் காலையில் ஒரே பேக்கரியில்தான் டீ குடிக்கிறார்கள், ஒரே டீயில் கதை முடிந்துவிடும், பொம்பளை கையில் செல்ஃபைக் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள், பதினோரு வருஷமாக அந்த ஒரு சொல் வரக்கூடாது என்றுதானே ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினாள். அது போகட்டும். நவீன்? புருஷன் நவீன்குமார் இவருடைய ரிக்கில்தான் ஆபரேட்டராக ராய்ப்பூர் பக்கம் கிடக்கிறான், நாலு மாசமாக வீட்டுக்கு வரவில்லை, அடுத்த மாசம் வருகிறான், அவனிடம் இவர் என்ன சொல்வார், உன்ற சம்சாரம் என்ற பிள்ளையைக் கொல்லப் பாத்தா என்றா? சொல்லாவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. இன்றைக்கே சத்தமில்லாமல் அந்த முறுக்கைப் பிரித்து, சுவிட்சை மறுபடி சேர்த்துவிட்டால் முடிந்தது. முடிந்ததா? பத்திரமாக முடிந்தது என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள், அப்படிச் சொல்லிக்கொள்கிற குரல் தன்னுடையது மாதிரியே இல்லை.

மேலே போன் அடித்தது. சடையன்தான், ரிக் டிரைவர், அவன் பெயரைச் சொல்லித்தான் சபரிநாதன் எடுத்தார், என்னடா, கம்ப்ரஸரா, இரு இரு, இங்க டவர் கெடைக்கல, என்று வண்டி குலுங்க இறங்கினார். கதவைச் சாத்தினார். அதற்குச் சற்று முன்னால், தலைக்கு மேல், கியர்பெட்டிக்குள் 'டொக்' என்று ஏதோ ஒரு சத்தம். வண்டியில் ஆயிரம் சத்தம் கேட்கும். சத்யபிரியா மீட்டரின் ஒரு முள்ளை இன்ஜினில் வைத்தாள், மற்றொன்றை வண்டியின் பாடியில் ஒரு போல்ட்டில் வைத்தாள், காலையில் இருந்து இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாள், பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃபைத் தட்டிவிடும் சோலினாய்டுக்குக் கரண்ட் வருகிறது, அப்படியானால் திரும்பிப் போகிற வழி சரியா, செல்ஃப் இழுத்த கரண்ட் இன்ஜினில் இருந்து பாடிக்கு வந்து பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும், அதைத்தான் எர்த்து என்பார்கள், அந்த வழி திறந்திருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும், அடைபட்டால் முள்ளுக்கு முள் வோல்ட் நிற்கும். ஆனால் நோய் வரும் நேரத்தில் முள் அதன்மேல் இருக்க வேண்டுமே. "அவரு போன் பேசறாரு, நான் திருகட்டுமா சத்யா? திருகறதுதானே?" மைதிலியின் குரல். வளையல் சத்தத்தோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள் போல. வண்டி ஓட்டத் தெரியாத அக்கா. சரிங்க்கா, நான் சொல்றப்பப் போடுங்க என்றாள். முள்ளை அழுத்திப் பிடித்தாள். போடுங்க்கா என்றாள். அந்தச் சொல் வாயை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே அந்த 'டொக்' அவளுக்குப் புரிந்தது. இறங்கும்போது அவர் கை தானாகச் செய்கிற வேலை. பர்ஸ்ட் கியர். பின்சக்கரம் தரையில். முன்னால் கல் இல்லை. கட்டை சரியும், இன்ஜின் நெஞ்சின் மேல்தான் இறங்கும், படியில் பாப்பா இருக்கிறதா இல்லையா, கிளட்ச் சுவிட்ச் இல்லை, இல்லை, நான்தான் எடுத்தேன், வேண்டாம், வேண்டாமுங்க்கா என்று கத்தினாளா, சத்தம் வந்ததா...

டிக்.

அவ்வளவுதான். ஒரே ஒரு டிக். வண்டி அசையவில்லை. கட்டை அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது மீட்டர் இன்னும் கையில் இருந்தது, அதில் ஏழரை வோல்ட் என்று காட்டியது, சனியன் நேரம் பார்த்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. "என்ன சத்யா, டிக்குனு மட்டும் கேக்குது? இன்னொருக்கா போடட்டா?" சாவியை எடுத்துருங்க்கா, தயவுபண்ணி எடுத்துருங்க, கீழ எறங்கிருங்க என்றாள். குதிகாலை உதைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தாள், முழங்கை சிராய்த்து எரிந்தது, முதலில் படியைப் பார்த்தாள், படியில் பாப்பா உட்கார்ந்திருந்தது, மடியில் ஒரு கிண்ணத்தில் பொரி, ஒன்றொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. வண்டி மூக்கில் இருந்து இரண்டு முழம். சத்யபிரியா ஜன்னலுக்குள் கையை விட்டுக் கியர்த் தண்டைத் தொட்டாள். பர்ஸ்ட்டில்தான் இருந்தது. நியூட்ரலுக்குத் தள்ளினாள், சாவியை வாங்கித் தன் சுடிதார்ப் பைக்குள் போட்டுக்கொண்டாள், பையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். இந்த நோய்தான் இப்போது அவளையும் பாப்பாவையும் காப்பாற்றியிருக்கிறது, அவள் ஐந்து வாரமாகத் துரத்தித் துரத்திக் கொல்லப் பார்த்த நோய். இருபத்திரண்டு தடவை வராத நோய் இருபத்துமூன்றாவது தடவை வந்தது. வராமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விக்குள் அவளால் போக முடியவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அந்த ஏழரை வோல்ட் எங்கே தேங்கி நிற்கிறது என்று இன்ஜின் மூடிக்குள் கையை விட்டாள். ஆக்சிலேட்டர் கேபிள் விரலில் பட்டது. சுட்டது. கேபிள் எதற்குச் சுட வேண்டும், அதில் கரண்டே கிடையாதே, காலால் மிதித்தால் இழுக்கிற வெறும் கம்பி... அதுதான் விஷயம், திரும்பிப் போகிற வழி அடைபட்ட கரண்ட் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து பாடிக்கு வந்திருக்கிறது, பாவம் இந்த ஒல்லிக் கம்பி செல்ஃப் மோட்டாரின் மொத்தச் சுமையையும் தூக்கப் பார்த்திருக்கிறது. அப்படியானால் எர்த்துப் பட்டை. முன்பக்கம், ரேடியேட்டருக்குக் கீழே, அடியில் படுத்தால் தெரியாதபடி தகட்டுக்குப் பின்னால், இன்ஜினில் இருந்து பாடிக்குப் போகிற பட்டை, தலைமுடியைச் சடை பின்னியது போன்ற செம்புப் பின்னல். டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்னலில் முக்கால்வாசி இழை அற்றுப் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. நாலைந்து இழை மிச்சம், அது ஒட்டினால் வண்டி ஓடும், விலகினால் டிக். அதே பின்னலில் கறுப்புக் கயிறு போட்டு இறுக்கி, ஏழு பச்சை மிளகாய், நடுவில் ஒரு எலுமிச்சம்பழம், வாடித் தோல் சுருங்கி, சாறெல்லாம் வடிந்துபோய்... அதற்கு மேல் பழைய கயிறுகளின் முடிச்சு ஒன்று, இரண்டு, மூன்று, பத்துக்கு மேலேயே இருக்கும். பழத்தின் புளிப்பு வாரா வாரம் சொட்டுச் சொட்டாகச் செம்பைத் தின்றிருக்கிறது. சத்யபிரியாவுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது, சிரித்தால் அழுகையாகிவிடும் என்று பல்லைக் கடித்தாள்.

"நாந்தான் கட்டுனேன்" என்றாள் மைதிலி, கேட்காமலே. "வெளிய கட்டுனா வண்டி தாழ்வா இருக்கறதுக்கு ஸ்பீடு பிரேக்கர்ல அறுந்து போவுது. அதான் உள்ளாற, கயிறாட்டம் ஒண்ணு தொங்குச்சு, அதுல கட்டுனேன். வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மாத்திருவேன்." போனை முடித்துவிட்டு வந்த சபரிநாதன் குனிந்து பார்த்தார், பிறகு வீடு அதிரச் சிரித்தார், பிறகு சிரிப்பு கோபமாயிற்று. கண்ணு படக்கூடாதுனு கட்டி வண்டியவே படுக்கப் போட்டுட்டியா, அஞ்சு வாரமா இந்தப் புள்ளைய அலைய உட்டது நீதானா, ஊரெல்லாம் இந்தக் கதயச் சொல்லோணும் இரு என்றார். மைதிலி புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. சத்யபிரியாவுக்குத் தெரிந்தது, தப்பிக்கக் கதவு திறந்துவிட்டது. இனி யாரும் இவளைக் கேட்க மாட்டார்கள். எல்லாத் தப்புக்கும் ஒரு எலுமிச்சம்பழம் கிடைத்துவிட்டது, தொட்டி உடைந்ததைக்கூட இனி அதன் தலையில்தான் போடுவார்கள், பேக்கரியில் சொல்லிச் சிரிக்க நல்ல கதை, அதில் கெட்டிக்காரி சத்யா கண்டுபிடித்தாள் என்றும் ஒரு வரி வரும். அந்த வரிக்காகத்தானே இத்தனை வருஷம்... பேசாமல் இரு. பேசாமல் வேலையைப் பார்.

வேலையைப் பார்த்தாள். பச்சையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பழைய பின்னலை எடுத்துவிட்டு, பையில் இருந்த தடித்த பேட்டரி ஒயரை வெட்டிப் புதுப் பட்டை போட்டாள், கட்டையை எடுத்து வண்டியை இறக்கினாள், நியூட்ரலைத் தானே தட்டிப் பார்த்து, பாப்பாவை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, முப்பது தடவை திருகினாள். முப்பதும் சுற்றியது. கேபிள் ஜில்லென்று இருந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, கிளட்ச் பெடலுக்கு மேலே தன் கையால் சுற்றிய டேப்பைத் தேடினாள், கிடைத்தது, கறுப்பு டேப், முனையை மடித்து ஒட்டுவது அவள் வழக்கம், மடித்து ஒட்டியிருந்தது. பிரித்தாள். "அதை எதுக்குக் கழட்டற? அது சவுரியமா இருக்குதுன்னேனே, உட்ரு" என்றார் சபரிநாதன். தலை உள்ளே இருந்ததால் முகம் தெரியாது, இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் அவள் வெளியே வந்து எழுந்து நின்றுதான் சொன்னாள், ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம வண்டி குதிச்சது உங்களால இல்லீங்ண்ணா. நான் குடுத்த டைரக்டாலங்க. அந்தச் சுவிட்ச் இருந்திருந்தா, நீங்க வெளிய நின்னு திருகியிருந்தாலும் அது அடிச்சிருக்காதுங்க. இப்பவும்... இப்ப அக்கா திருகுனப்பவும் கியர்லதான் இருந்துச்சுங்க. பாப்பா படியில இருந்துச்சு. நான் அடியில இருந்தேன்."

சபரிநாதன் சிரிக்க ஆரம்பித்தார். "அட போ அம்மிணி, எவன் ஊட்டு வண்டியில டைரக்ட் இல்ல..." என்றவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். கண் தானாகப் படிக்கட்டுக்குப் போயிற்று, அந்தப் பெயர்ந்த முனைக்கு, அங்கிருந்து வண்டியின் மூக்குக்கு, மறுபடியும் படிக்கு. மைதிலி உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள், நாலு வயசுப் பிள்ளை, இடுப்பில் அடங்காமல் கால் தொங்கிற்று. "கழட்டிட்டியா சத்யா?" என்றாள். கழட்டிட்டேனுங்க்கா. "கழட்டிட்டேன்னு இன்னொருக்கா சொல்லு." கழட்டிட்டேனுங்க்கா, சுவிட்ச் போட்டாச்சுங்க, கிளட்ச் மிதிக்காம இனி அடிக்காதுங்க. மைதிலி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சபரிநாதன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, டீ குடிச்சுட்டுப் போ என்றார். எந்த மாதிரிக் குரல் அது? கோபமா, மன்னிப்பா, நவீனுக்குப் போன் போடப்போகிற குரலா? டீயைக் குடித்துவிட்டு, வாரேனுங்ண்ணா, வாரேனுங்க்கா என்று கிளம்பினாள். நிலா மட்டும் டாட்டா காட்டிற்று.

அவர் வீடு இருந்த ஃபேர்லேண்ட்ஸில் இருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள், காற்று அடித்ததும் உடம்பு தளர்ந்தது, சொல்லிவிட்டாள், எப்படியோ சொல்லிவிட்டாள், போனால் போகட்டும் கடை, நவீன் திட்டினால் திட்டட்டும், பாப்பா பொரி தின்றுகொண்டிருக்கிறது, அது போதும். சங்ககிரி நெருங்கும் வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறைய மரவள்ளிக் குச்சிக்கிழங்கு மூட்டை, பஸ்ஸை வழி விடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். சத்யபிரியா அந்த டிராக்டரின் பெரிய சக்கரத்தையே பார்த்தாள். டிராக்டரிலும் உண்டே அந்தச் சுவிட்ச், நியூட்ரலில் இருந்தால்தான் அடிக்கும்... போன மாசம் எருமப்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போனபோது, செல்ஃப் வேலை தெரிந்த பிள்ளை வந்திருக்கிறது என்று யாரோ சொல்லி, பந்தலுக்கு வெளியே ஒரு பெரியவர், சில நேரம் செல்ஃப் அடிக்கவில்லை என்று டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பட்டுப்புடவையோடு, இலை போடுவதற்குள் முடித்துவிடலாம் என்று, இரண்டே நிமிஷத்தில் அந்தச் சுவிட்ச் ஒயரை முறுக்கி டேப் சுற்றினாள். அவருக்கு முழங்கால் வலியாம், சும்மா சும்மா மேலே ஏறி இறங்க முடியவில்லையாம். கீழே நின்றபடியே சாவி போடலாமா அம்மிணி என்று கேட்டார். தாராளமாப் போடலாமுங்க என்றாள். சொன்னது மட்டுமா, அந்தப் பெரிய சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்று, கையை எட்டி, இப்பிடிங்க என்று அவளே ஒரு தடவை திருகிக் காட்டினாள், அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவரைத் தவிர இன்னும் எத்தனை பேர்? விரலை மடித்து எண்ணப் பார்த்தாள், எந்த வருஷத்தில் இருந்து எண்ணுவது என்று தெரியவில்லை. அன்றைக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள், கையைக் கழுவிக்கொண்டு ஓடினாள், அந்தப் பெரியவரின் பெயரை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.